குழலுக்கு முந்தியது கண்

கோலகுபு பாருவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது கெர்லிங். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரக் காடு. மேற்கே கோல சிலாங்கூர் பக்கமாகத் தாழ்ந்துகொண்டே போகும் தோட்டங்கள். நான் பிறந்த காலத்தில் எங்கள் பக்கம் முழுக்க ரப்பர்ப் பால்மரம். பள்ளிக்கூடம் முடிக்கும்போது பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனைக் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். பால்மரக் காலத்திலும் காட்டுப்பன்றி உண்டு. ஆனால் அது தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் ஏறியது செம்பனை வந்த பிறகுதான். புதிதாக நட்ட கன்றை மூக்கால் நெம்பிச் சாய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு அடுத்த கன்றுக்குப் போய்விடும். ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் ஒரு நிரையே படுத்துக் கிடக்கும். காலையில் பேர் பதியும் பிரட்டுக்கு நிற்கும்போது வேலை வாங்கும் மண்டோரின் முகத்தைப் பார்த்தாலே முந்தைய இரவின் சேதம் தெரிந்துவிடும்.

என் தாய்மாமா தோட்டத்தில் காவல்காரர். அவரிடம் ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழலை மடித்துத் தோட்டா போடுகிற வகை. கம்பத்து மலாய்க்காரர்கள் அதை செனாப்பாங் பாத்தா என்பார்கள். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. காற்றுத் துப்பாக்கிக்கும் அதே சட்டம்தான். 1971இல் வந்த இன்னொரு சட்டம், துப்பாக்கியைக் கொண்டு செய்யும் குற்றங்களுக்கு மரண தண்டனை வரைக்கும் கொண்டுபோனது. மாமா தன் உரிமத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பார். தோட்டாக்களை வாரத்துக்கு ஒருமுறை மேசைமேல் கொட்டி எண்ணிப் பார்ப்பார். எண்ணி முடிக்கும்வரை அத்தைகூடப் பக்கத்தில் பேச மாட்டார்.

சனிக்கிழமை மாலைகளில் அவர் பின்னால் போவது எனக்கு வழக்கமாக இருந்தது. துப்பாக்கியைத் தொடவிட மாட்டார். தண்ணீர்ப் போத்தலும் கைவிளக்கும் என் பொறுப்பு. அந்த நடையில்தான் தூரத்தை அளக்கக் கற்றுக்கொண்டேன். செம்பனையை முக்கோண வாக்கில் நடுவார்கள். மரத்துக்கு மரம் 9 மீட்டர், ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 140 மரம். மாமா மீட்டர் கணக்குச் சொல்ல மாட்டார், மரக்கணக்குத்தான். நாலு மரத்துக்கு அப்பால் நிற்கும் பன்றியை அவர் சுட்டதே இல்லை. நாலு இடைவெளி என்றால் 36 மீட்டர். அதற்கு மேல் பெரிய ரவைத் தோட்டாகூடச் சிதறிப்போகும். பன்றி சாகாமல் காயத்தோடு புதருக்குள் ஓடும். “காயம்பட்ட பன்னி நாளைக்குக் காலையில பழம் பொறுக்கப் போற பொம்பளைங்க முன்னாலதான் வந்து நிக்கும்” என்பார். அந்த ஒரு வரி அவருக்கு எல்லாச் சட்டத்தையும்விடப் பெரிய சட்டம்.

ஒரு மாலையில் நடந்ததை இன்னமும் அப்படியே சொல்ல முடியும். மழை விட்டு, செம்பனை மட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த நேரம். மூன்றாவது மரத்தடிப் பக்கமாகப் புதர் ஆடியது. கறுப்பாக, தாழ்வாக, கூனலாக ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்தது. “மாமா, பன்னி!” என்று கிசுகிசுத்தேன். அவர் துப்பாக்கி தோளில் மடிந்தபடியே இருந்தது. தோட்டா சட்டைப் பையில். என் தலைமேல் கை வைத்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு அவரும் குந்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கூனல் நிமிர்ந்தது. மழைக்கு உரச்சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பக்கத்து லயத்துப் பாட்டி. எங்களைப் பார்த்ததும், “என்னாய்யா, இன்னைக்கு ஒண்ணும் கெடைக்கலியா?” என்று கேட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். மாமா அவருக்குப் பதில் சொன்னார், வணக்கமும் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பி, “அது என்னான்னு கண்ணு சொல்லணும்டா. மனசு சொல்லக் கூடாது” என்றார்.

துப்பாக்கிமேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்புகளைப் பற்றி நான் பிற்பாடு படித்ததும், வாங்கியதும், பிறருக்கு எடுத்துச் சொன்னதும் எல்லாம் அந்தப் பேச்சுக்குக் கீழேதான் வருகிறது.

மாமாவுக்கு ஐம்பது நெருங்கும்போது கண் மாறத் தொடங்கியது. கடிதத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். துப்பாக்கிக் குழலின் நுனியில் இருக்கும் பித்தளை மணி மங்கிப்போயிற்று என்றார். மணியைப் பார்த்தால் பன்றி மங்குகிறது, பன்றியைப் பார்த்தால் மணி மங்குகிறது. அது அவர் ஒருவருடைய குறையல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை ஒரு நேரத்தில் ஒரே தூரத்துக்குத்தான் குவியும். இளவயதில் அது அருகுக்கும் தூரத்துக்கும் மின்னல் வேகத்தில் மாறிக்கொள்வதால் நமக்கு இரண்டும் தெளிவாக இருப்பதுபோல் தோன்றுகிறது. நாற்பதுக்கு மேல் வில்லை விறைத்துவிடுகிறது. இரும்புக் குறி வைத்த ரைபிளில் தொல்லை இன்னும் அதிகம்: பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்று தூரங்கள்.

ஸ்கோப் செய்யும் முதல் உதவி இதுதான். உருப்பெருக்கம் அதற்குப் பிறகு. முன்கண்ணாடி இலக்கின் உருவத்தைக் குழலுக்குள் கொண்டுவந்து போடுகிறது. குறிக்கோடும் அதே தளத்தில் இருக்கிறது. கண் ஒரே இடத்தைப் பார்த்தால் போதும். வெறும் நாலு மடங்கு பெருக்கும் சாதாரணக் குழல்கூட ஐம்பது வயதுக்காரருக்கு இருபது வயதுப் பார்வையைத் திருப்பித் தருவது இதனால்தான். மாமாவின் ஒற்றைக்குழலில் அதைப் பொருத்த இடமும் இல்லை, தேவையும் இல்லை. 36 மீட்டருக்குள் வேலை. கண் மங்கியதும் அவர் துப்பாக்கியைச் சட்டப்படி ஒப்படைத்துவிட்டு, கூட்டிப்போகும் மற்ற காவல்காரர்களுக்குத் தடம் பார்த்துச் சொல்பவராக மாறினார்.

எங்கள் குடும்பத்தில் ரைபிளைத் தோளில் சுமந்தவர் தாத்தா. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது தோட்டங்களைக் காக்க ஆயிரக்கணக்கானவர்களை ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்த்தார்கள். அவர்களில் தாத்தாவும் ஒருவர். பிரேசர் மலைச் சாலையில் 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது எங்கள் ஊருக்கு அடுத்த மலையில். தாத்தா தோளில் இருந்தது .303. இரும்புக் குறி மட்டும். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் குறிபார்ப்பவர்களுக்கென்று லீ-என்பீல்ட் ரைபிளில் 32ஆம் எண் தொலைநோக்கியைப் பொருத்திக் கொடுத்தார்கள். அதன் உருப்பெருக்கம் நாலு மடங்குக்கும் குறைவுதான். போர்க்களத்தில் நூற்றுக்கணக்கான கெஜத்துக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று கடையில் நின்று 24 மடங்கு இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லும் இளைஞர்களைப் பார்க்கும்போது அந்தப் பழைய குழல் என் நினைவுக்கு வரும்.

வேலைக்குக் கோலாலம்பூர் வந்த பிறகு ஒரு துப்பாக்கிச் சுடும் மன்றத்தில் சேர்ந்தேன். 50 மீட்டரில் .22 ரைபிள், படுத்துச் சுடுவது. மன்றத்துக்குச் சொந்தமான ரைபிள்கள். தோட்டாவும் அங்கேயே கொடுத்து, அங்கேயே கணக்கு முடித்துக்கொள்வார்கள். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர், சீக்கியர். முதல் வாரங்களில் சுடவே விடவில்லை. மூச்சு, முழங்கை, தோள், கன்னம். அதற்குப் பிறகு ஸ்கோப் வைத்த ஒரு ரைபிளை மணல் மூட்டைகள்மேல் அசையாமல் படுக்கவைத்து, “தொடாதே, பார் மட்டும்” என்றார்.

கறுப்பு வட்டத்தின் நடுவில் குறிக்கோடு நின்றது. “இப்போது தலையை இடப்பக்கம் ஒரு விரல்கடை நகர்த்து.” நகர்த்தினேன். ரைபிள் அசையவில்லை, மூட்டை அசையவில்லை; ஆனால் குறிக்கோடு வட்டத்தின் ஓரத்துக்கு வழுக்கிப் போய்விட்டது. வலப்பக்கம் நகர்ந்தால் மறு ஓரம். மேலே போனால் கீழே. பள்ளியில் இடமாறு தோற்றப்பிழை என்று படித்தது அங்கே கண்ணுக்கு முன்னால் நின்றது. சுடுபவர்கள் பாரலாக்ஸ் என்பார்கள். இலக்கின் உருவமும் குறிக்கோடும் துல்லியமாக ஒரே தளத்தில் விழாதபோது வருவது. பெரிய ரைபிள்களுக்கான வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு இதைச் சரிசெய்து ஆலையிலேயே பூட்டிவிடுகிறார்கள். .22க்கென்று செய்தவற்றை 50 கெஜத்துக்கு. காற்றுத் துப்பாக்கிக்கு 10 மீட்டர் வரைக்கும் திருகிச் சரிசெய்யும் வளையம் வேண்டும். பெரிய ரைபிளின் ஸ்கோப்பைக் காற்றுத் துப்பாக்கியில் மாட்டிவிட்டு, குண்டு கண்ட இடத்தில் போகிறதே என்று புலம்புபவர்களுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ஸ்பிரிங் வைத்த காற்றுத் துப்பாக்கிக்கு இன்னொரு குணமும் உண்டு: பின்னுக்கு உதைத்து உடனே முன்னுக்கும் உதைக்கும். பின்னுதைப்பை மட்டும் தாங்கச் செய்த விலையுயர்ந்த ஸ்கோப்பையும் அது உள்ளுக்குள் குலைத்துவிடும்.

அந்த மன்றத்தில்தான் குறிபார்ப்பின் உச்சத்தில் ஸ்கோப்பே இல்லை என்பதையும் தெரிந்துகொண்டேன். ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கி கிடையாது. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். 10 மீட்டர் காற்று ரைபிளில் பத்துப் புள்ளி தரும் மையம் அரை மில்லிமீட்டர் அகலம்தான். நம் நாட்டு நூர் சூர்யானி 2012இல் லண்டனில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டது அந்தப் போட்டியில், அந்தத் துளை வழியாகத்தான். ஸ்கோப்புக்கு இடம் கொடுத்தது ஓடும் இலக்குப் போட்டி. 1972 முதல் 1988 வரை ஒலிம்பிக்கில் 50 மீட்டரில் நடந்த அந்தப் போட்டியின் இலக்கு, ஓடும் காட்டுப்பன்றியின் படம். கெர்லிங்காரனான எனக்கு அதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. உலகத்தின் பெரிய மேடையிலும் எங்கள் தோட்டத்துப் பன்றிதான் ஓடியிருக்கிறது.

சொந்தமாக வேட்டை ஸ்கோப் வாங்கியது, குடும்பத்தோடு மேற்கு ஆஸ்திரேலியாவில் குடியிருந்த ஆண்டுகளில். அங்கே காட்டில் பெருகிவிட்ட பன்றி, பயிருக்குத் தீங்கு செய்யும் விலங்கு என்று அரசே அறிவித்தது. நிலத்துக்காரர் எழுதிக் கொடுக்கும் அனுமதிக் கடிதத்தோடு விண்ணப்பித்தால் போலீஸ் பரிசீலித்து உரிமம் தந்தது. ஒரு விவசாயி கடிதம் கொடுத்தார்; .308 ரைபிளுக்கு உரிமம் கிடைத்தது. அடுத்தது கண்ணாடி. கடைக்காரர் இரண்டு குழல்களை மேசைமேல் வைத்தார். ஒன்று 3-9×40, மற்றது 6-24×50. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட வந்த நண்பர் உடனே பெரியதைக் காட்டினார்: “காசு ஒண்ணுதானே, ரெண்டு மடங்குக்கு மேல காட்டுதே!”

அந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பெருக்கல் குறிக்கு முன்னால் இருப்பது உருப்பெருக்கம், பின்னால் இருப்பது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். பெருக்கம் கூடக்கூடப் பார்வையின் அகலம் குறையும். 3 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 11 மீட்டர் அகலமான காட்சி தெரியும். 9 மடங்கில் அது 4 மீட்டரைச் சுற்றி வந்து நிற்கும். 6-24 குழலின் மிகக் குறைந்த நிலையே 6. 20 மீட்டரில் பன்றி எழுந்து ஓடினால் காட்சியின் அகலம் ஒரு மீட்டர் சொச்சம். கறுப்பு மயிர் தெரியும். அது தலையா பிட்டமா என்று தெரியாது. அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்பது சுத்தமாகத் தெரியாது. 24 மடங்கு என்பது 300, 400 மீட்டரில் காகிதத்தில் விழுந்த துளையை எண்ணுபவருக்கு வேண்டியது. படுத்து, ரைபிளை ஊன்றி, பகல் வெளிச்சத்தில் சுடும் இலக்குக்காரருக்கு அது நியாயமான கருவி. புதருக்குள் நடப்பவருக்கு அது பாரம். எடையிலும் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இரண்டாவது கணக்கு வெளிச்சம். முன்கண்ணாடி அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 40ஐ 6ஆல் வகுத்தால் 6.7 மில்லிமீட்டர். 9ஆல் வகுத்தால் 4.4. 50ஐ 24ஆல் வகுத்தால் 2 சொச்சம். இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது 5 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஒளிவட்டம் கண்மணியைவிடச் சிறியதாக இருந்தால் காட்சி இருளும். பெரியதாக இருந்தால் மிச்ச வெளிச்சம் வீணாகும். பன்றி வெளியே வருவது பொழுது சாயும் நேரத்தில். அந்த நேரத்தில் 24 மடங்கு வைத்துப் பார்ப்பதற்கு, கண்ணை மூடிக்கொள்ளலாம். கடைக்காரரிடம் கேட்டு, கடை மூடும் நேரத்துக்குக் குழல்களை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். தெருக்கோடியில் ஒரு வேலி, அதன்மேல் ஒரு பலகை. வெளிச்சம் இறங்க இறங்க மாற்றி மாற்றிப் பார்த்தேன். பெரிய குழலை 24இல் வைத்தபோது பலகையின் எழுத்து சாம்பலாகிக் கரைந்தது. சிறிய குழலை 6இல் வைத்தபோது அதே எழுத்து இன்னும் நின்றது. ஸ்கோப் வாங்குபவர் எவரானாலும் இந்தச் சோதனையை அந்தி நேரத்தில் செய்துபார்க்க வேண்டும். பட்டப்பகலில், கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில், எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான்.

கண்ணாடிக்கு மேல் பூசியிருக்கும் படலமும் இங்கே பேசும். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஸ்கோப்புக்குள் அப்படிப் பத்துப் பரப்புகளுக்கு மேல் இருக்கலாம். 1935இல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இந்த இழப்பைப் பெருமளவு குறைத்தது. எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். 30 மில்லிமீட்டர் குழாய் என்றால் வெளிச்சம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. குழாய் பருமனானால் உள்ளே குறியை ஏற்றி இறக்க இடம் கூடும். வெளிச்சத்தை முடிவு செய்வது முன்கண்ணாடியும் பூச்சும்.

மூன்றாவது, கண்ணுக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி. .308 போன்ற ரைபிள் உதைக்கும்போது குழல் பின்னால் வரும். முழுக் காட்சியும் தெரியும் இடத்துக்கும் குழலின் விளிம்புக்கும் நடுவே குறைந்தது 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புருவத்தில் அரைவட்டமாக வெட்டு விழும்; சுடுதளங்களில் அந்தத் தழும்போடு பலரைப் பார்த்திருக்கிறேன். ரைபிளைத் தோளில் ஏற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி, கன்னம் பதிந்ததும் திறக்க வேண்டும். கழுத்தை நீட்டாமல் முழு வட்டமும் தெரிந்தால் குழல் சரியான இடத்தில் இருக்கிறது.

3-9×40ஐ வாங்கினேன். மிச்சப் பணத்தை, அதைப் பிடித்து நிறுத்தும் வளையங்களுக்கும் அடித்தட்டுக்கும் செலவிட்டேன். நல்ல கண்ணாடியை மட்டமான வளையத்தில் பூட்டுவது வீண். திருகாணிகளை அளவுக்கு மேல் முறுக்கினால் குழாய் நசுங்கும், உள்ளே குறி ஓடாது. தளர்ந்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் நகரும். முறுக்கு அளவு காட்டும் ஸ்பானரை வைத்து, தயாரிப்பாளர் சொல்லும் அளவோடு நிறுத்த வேண்டும். பிறகு முதலில் 25 மீட்டரில் காகிதத்தில் விழ வைத்து, அதற்குப் பிறகு 100 மீட்டர். ஒரு குண்டைப் பார்த்துத் திருகக் கூடாது. மூன்று குண்டு சுட்டு அவற்றின் நடுவைப் பார்த்துத் திருக வேண்டும். குறியை நகர்த்தும் திருகில் ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ. என்ற கோண அளவு போட்டிருந்தால் 100 மீட்டரில் அது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். மில் என்ற இன்னொரு கோண அளவில் செய்த குழலில் ஒரு கிளிக் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர். 100 மீட்டரில் குறி நிலைத்த .308இன் குண்டு 200 மீட்டரில் அரைச் சாண் அளவுக்குக் கீழே இறங்கும். 50 மீட்டரில் குறி வைத்த .22 குண்டு 100 மீட்டருக்குள்ளேயே ஏறக்குறைய ஒரு சாண் இறங்கிவிடும். தன் ரைபிளின் இந்தக் கணக்கைத் தானே சுட்டுப் பார்த்து மனப்பாடம் செய்யாதவருக்கு எந்த ஸ்கோப்பும் உதவாது.

ஆஸ்திரேலியாவின் காய்ந்த காற்றில் கண்ணாடிக்கு ஆபத்து குறைவு. கெர்லிங் அப்படியில்லை. அடிவார மழை, பகலெல்லாம் புழுக்கம், துணி உலரவே நாளாகும். மாமா கடைசிக் காலத்தில் தடம் பார்க்க ஒரு பழைய பைனாக்குலர் வைத்திருந்தார். தோல் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி அலமாரிக்குள் வைப்பார். அந்தப் பத்திரமே அதற்கு எமனாயிற்று. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் வெள்ளை நூல்கள் கிளைவிட்டிருந்தன. பூஞ்சணம். அது கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். துடைத்தாலும் வடு போகாது. தோல் பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் ஊரில் கண்ணாடிக் கருவி எதையும் தோலிலோ துணியிலோ மூடி வைக்கக் கூடாது. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், அது நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுவது. ஸ்கோப்பானால் உள்ளே நைட்ரஜனோ ஆர்கனோ நிரப்பி மூடியதாக இருக்க வேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து புழுக்கத்தில் இறங்கும்போது வெளிக்கண்ணாடியில் ஆவி படரும். அது தானே விலகும். உள்ளே படர்ந்தால் அந்தக் குழலின் ஆயுள் முடிந்தது.

இவ்வளவு சொன்னதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஸ்கோப் வழியாக எதையாவது பார்க்கிறோம் என்றால், அதை நோக்கி நிரம்பிய துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருக்கிறோம். புதரில் அசைவது என்ன என்று தெரிந்துகொள்ள ஸ்கோப்பைக் கண்ணில் வைப்பவர், அது மனிதராக இருந்தால் அந்த மனிதரின் நெஞ்சுக்கு நேரே குழலைப் பிடித்திருக்கிறார். மலேசியத் தோட்டங்களில் பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகளை நாளிதழில் படிக்காதவர் நம்மில் இருக்க மாட்டார்கள். விடியலில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்கள், நெற்றி விளக்கோடு தவளை பிடிப்பவர், ஓடையில் தூண்டில் போடுபவர், காட்டிலிருந்து இறங்கிவரும் தெமுவான் பழங்குடி மக்கள்: செம்பனைக் காட்டில் ஆளில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. தேடுவதற்கும் அடையாளம் காண்பதற்கும் பைனாக்குலர். முடிவெடுத்த பிறகு குண்டை வைக்கும் இடத்துக்கு மட்டும் ஸ்கோப். என் கைக்கு வந்த முதல் நல்ல கண்ணாடி 8×42 பைனாக்குலர். ரைபிள் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதை வாங்கிவிட்டேன். வேட்டைக்குப் போன பெரும்பாலான மாலைகளில் ஸ்கோப்பின் மூடியைத் திறக்காமலே திரும்பியிருக்கிறேன். அந்த மாலைகள் எனக்கு நிறைவாகவே இருந்தன.

இப்போது கெர்லிங்கில் நிலைமை மாறியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதியான ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிறகு தீபகற்பத்துக்கும் வந்தது. எங்கள் பக்கத்தில் முன்போலத் தடம் தெரிவதில்லை என்று ஊரில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். காட்டுப்பன்றியும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவதுதான். துப்பாக்கி உரிமம் கையில் இருப்பதால் மட்டும் சுட்டுவிட முடியாது, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதியும் வேண்டும். பயிருக்குக் கேடு செய்யும் விலங்கும் காட்டின் ஓர் உறுப்பு. புலியும் சிறுத்தையும் இருக்கும் மலைக்கு அது இரை. இதையும் தெரிந்துகொண்டுதான் ஒருவர் துப்பாக்கியைத் தொட வேண்டும்.

பெர்த்தில் வளர்ந்த என் தங்கை மகன் போன மாதம் கூப்பிட்டான். உரிமம் வந்துவிட்டது, எந்த ஸ்கோப் வாங்கலாம், மாமா, என்று கேட்டான். நிறுவனங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னான். பெயர் இருக்கட்டும், நான் கேட்பதற்குப் பதில் சொல் என்றேன். நீ நிற்கப்போகும் இடத்தில் எவ்வளவு தூரம் பார்வை போகும்? எந்த நேரத்தில் நிற்பாய்? எந்த ரைபிள், எவ்வளவு உதைக்கும்? நடந்துகொண்டே சுடுவாயா, படுத்துச் சுடுவாயா? ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தபோது அவனுக்கே விடை தெரிந்துவிட்டது. சிறிய உருப்பெருக்கத்தில் தொடங்கும் குழல், 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, உறுதியான வளையம். “பைனாக்குலர் இருக்கிறதா?” என்று கேட்டேன். இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். அப்படியானால் ஸ்கோப்பை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அவன் தயங்கினான். கெர்லிங்கில் உரச்சாக்கு மாட்டிய பாட்டியின் கதையை அவனுக்கு முழுதாகச் சொன்னேன். மறுவாரம் பைனாக்குலரை வாங்கிவிட்டதாகச் செய்தி அனுப்பினான். துப்பாக்கி பிடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த வரிசையைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். இல்லாத வீட்டுக்காக இதை எழுதிவைக்கிறேன்.